ஃபவுஸ்ட்: மந்திரவாதியும் அவர் மேல் படிந்த கதைகளும் (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: சாத்தானிடம் ஆன்மாவை எழுதிக் கொடுத்த டாக்டர் ஃபவுஸ்டைப் பற்றிக் கதேயின் நாடகம் வழியாகவே பலரும் அறிந்திருக்கிறோம். அப்படி ஒருவர் ஜெர்மனியில் உண்மையாகவே வாழ்ந்தாரா, இல்லை எல்லாம் கட்டுக்கதைதானா?

பதில்: வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை. 1506 முதல் 1540 வரையிலான காலத்தில், தெற்கு ஜெர்மனியிலும் மத்திய ஜெர்மனியிலும் ஊர் ஊராகச் சென்று, சாதகம் கணித்தும் கைரேகை பார்த்தும் பிழைத்த ஒருவர் தம்மை ‘ஃபவுஸ்டஸ்’ என்ற இலத்தீன் பெயரால் அழைத்துக்கொண்டார். அவர் உயிரோடிருந்தபோதே அவரைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட கடிதங்களும் அலுவலகப் பதிவுகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலாவது நமக்குக் கிடைத்துள்ளன.

அவற்றைப் படிப்பவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அவரை வெறுத்த கல்விமான்கள்; பதிவேடு எழுதியவர்களோ வந்த செலவையும் பிறந்த ஆணையையும் குறித்து வைத்த எழுத்தர்கள். என்னைக் கேட்டால் எழுத்தர்களையே அதிகம் நம்பச் சொல்வேன். பாம்பெர்க் நகரின் கத்தோலிக்க ஆயர் மூன்றாம் ஜார்ஜின் கணக்குப் புத்தகத்தில், 1520 பிப்ரவரியில், ஆயருக்குச் சாதகம் கணித்துத் தந்ததற்காகத் ‘தத்துவவாதி டாக்டர் ஃபவுஸ்டஸ்’ என்பவருக்கு 10 குல்டன் பொற்காசு கொடுக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் வசையும் இல்லை, வியப்பும் இல்லை. ஒரு திருச்சபைத் தலைவர் வெளிப்படையாக அழைத்து, வேலை வாங்கி, கூலியும் கொடுத்திருக்கிறார். அக்காலத்தில் சோதிடம் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்ட ஒரு துறை என்பதால் அதை ஒருவரும் குற்றமாகக் கருதவில்லை.

வேறு நகரங்கள் அவரை இவ்வளவு மரியாதையாக நடத்தவில்லை. 1528 ஜூனில் இங்கோல்ஸ்டாட் நகர மன்றம், ஹைடெல்பெர்க்கைச் சேர்ந்த டாக்டர் யோர்க் ஃபவுஸ்டஸ் என்று சொல்லிக்கொள்பவர் ஊரை விட்டு வெளியேறித் தம் காசை வேறெங்காவது செலவழித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணைக்காக அதிகாரிகளைப் பழிவாங்கமாட்டேன் என்று அவரிடம் உறுதிமொழியும் வாங்கிக்கொண்டது. மந்திரவாதியை விரட்டவும் வேண்டும், அவர் மந்திரம் தம்மைத் தொடவும் கூடாது என்ற இரட்டை மனநிலையை இதைவிடத் தெளிவாக எந்த நாடகமும் காட்டிவிடவில்லை. 1532 மே மாதத்தில் நியூரம்பெர்க் நகர மன்றம், ஆண்களோடு தகாத உறவு கொண்டவர், இறந்தோர் ஆவியை எழுப்புபவர் என்ற இரண்டு பழிகளையும் சேர்த்து எழுதி, ஊருக்குள் பாதுகாப்பாக வந்துபோக அனுமதி தர மறுத்தது.

அவருடைய வாக்கு கடல் கடந்தும் பேசப்பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வெல்ஸர் வணிகக் குடும்பத்தின் சார்பில் வெனிசுவேலாவுக்குப் பொன் தேடிச் சென்ற ஃபிலிப் ஃபொன் ஹூட்டன், 1540 ஜனவரியில் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், தங்களுக்கு மிக மோசமான ஆண்டாக இது அமைந்துவிட்டது என்றும், தத்துவவாதி ஃபவுஸ்டஸ் முன்பே சொன்னது ஏறக்குறைய பலித்துவிட்டது என்றும் ஒப்புக்கொள்கிறார். அறிமுகமற்ற காட்டில் பொன் தேடி அலையப் போகிறவனிடம் கெட்ட காலம் வரும் என்று சொல்வதற்குப் பெரிய மந்திர சக்தி தேவையில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஃபவுஸ்டைப் பற்றிய முதல் குறிப்பை எழுதியவர் ஒரு மடாதிபதி என்று படித்தேன். அவர் சொன்னதை அப்படியே ஏற்கலாமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது யோஹான்னஸ் டிரித்தேமியஸ் 1507 ஆகஸ்ட் 20 அன்று எழுதிய கடிதம். வூர்ஸ்பெர்க் நகர மடத்தின் தலைவரான அவர், ஹைடெல்பெர்க்கில் இருந்த கணித அறிஞரும் சோதிடருமான யோஹான்னஸ் விர்டுங்குக்கு அதை எழுதினார். ஃபவுஸ்ட் தம்மைக் காண வரப்போவதாக விர்டுங் ஆவலோடு எழுதிக் கேட்டதற்கு வந்த மறுமொழி அது. அக்கடிதத்தில் டிரித்தேமியஸ் அம்மனிதரின் பெயர் அட்டையை அப்படியே எடுத்து எழுதுகிறார்: மாஜிஸ்டர் (முதுகலைப் பட்டதாரி) ஜார்ஜியஸ் சபெல்லிக்கஸ், இளைய ஃபவுஸ்டஸ், ஆவி எழுப்புவோரின் ஊற்று, சோதிடர், கைரேகை வல்லவர், நெருப்பையும் நீரையும் பார்த்துக் குறி சொல்பவர் என்று பட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன.

அதன்பின் குற்றச்சாட்டுகள் வருகின்றன. 1506இல் பிராண்டன்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில் கெல்ன்ஹவுசன் ஊரில் தாம் தங்க வந்ததைக் கேள்விப்பட்டதும் அந்த மனிதர் விடுதியிலிருந்து ஓடிவிட்டார் என்கிறார் டிரித்தேமியஸ். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோரின் நூல்கள் அனைத்தும் மனித நினைவிலிருந்து மறைந்தே போனாலும் தம்மால் அவற்றை முன்னைவிட அழகாகத் திருப்பித் தர முடியும் என்று பலர் முன்னிலையில் அவர் பேசினாராம். கிறிஸ்துவின் அற்புதங்கள் அப்படியொன்றும் வியக்கத் தக்கவை அல்ல, தாமும் நினைத்தபோதெல்லாம் அவற்றைச் செய்ய முடியும் என்று வூர்ஸ்பெர்க்கில் சொன்னாராம். க்ராய்ட்ஸ்நாக் ஊரில், ஃபிரான்ஸ் ஃபொன் ஸிக்கிங்கன் என்ற பிரபுவின் ஆதரவால் பள்ளி ஆசிரியர் பணி பெற்று, மாணவர்களிடம் மிகக் கேவலமாக நடந்து, விஷயம் வெளியே வந்ததும் தப்பி ஓடினாராம்.

இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எடைபோடும்போது டிரித்தேமியஸின் சொந்த நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் இரகசிய எழுத்துமுறை குறித்து எழுதத் தொடங்கிய நூல் ஆவிகளின் உதவியால் செய்தி அனுப்பும் வித்தையைக் கற்பிக்கிறது என்ற பேச்சு பரவி, அவர் பெயரும் சூனியக்காரர் பட்டியலில் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் தலைவராயிருந்து பெரும் நூலகம் உருவாக்கிய ஸ்பொன்ஹைம் மடத்தையும் அவர் விட்டு விலக நேர்ந்தது. தம் மீது சந்தேகம் படிந்த ஒரு கல்விமானுக்கு, ‘நான் வேறு, தெருவில் திரியும் அந்த ஏமாற்றுக்காரன் வேறு’ என்று உரத்துச் சொல்லவேண்டிய தேவை இருந்தது. ஆகவே கெல்ன்ஹவுசன் விடுதிக் காட்சியை நான் நம்புகிறேன். க்ராய்ட்ஸ்நாக் பழியை அவ்வளவு எளிதாக நம்ப மாட்டேன். மடாதிபதி அங்கு நேரில் இருந்தவர் அல்லர்.

1513 அக்டோபரில் எர்ஃபர்ட் விடுதி ஒன்றில் ஃபவுஸ்டைக் கேட்ட முட்டியானுஸ் ரூஃபஸ் என்ற மனிதநேயக் கல்வியாளரும் அவரை வெறும் தற்பெருமைக்காரர் என்றே எழுதினார். அவருடைய பிதற்றலைத் தாம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், கண்டிக்கவில்லை என்றும் சொல்கிறார். கவனியுங்கள், இந்த இரண்டு கடிதங்களிலும் சாத்தான் வரவில்லை. இருவருக்கும் அவர் மூடர்களை ஏய்க்கும் வாய்ச்சொல் வீரர் மட்டுமே.

கேள்வி: அவர் பெயர் யோஹான் என்று சிலர் எழுதுகிறார்கள், ஜார்ஜ் என்று சிலர் எழுதுகிறார்கள். எது சரி? எந்த ஊரில் பிறந்தார்?

பதில்: அவர் உயிரோடிருந்த காலத்தில் முதற்பெயரைக் குறிப்பிட்ட மடாதிபதி, முட்டியானுஸ், இங்கோல்ஸ்டாட் எழுத்தர், ரெப்டோர்ஃப் மடத்தின் கிலியன் லைப் ஆகிய நால்வரும் ஜார்ஜ் அல்லது அதன் பேச்சு வடிவமான யோர்க் என்றே எழுதுகிறார்கள். யோஹான் என்ற பெயர் அவர் இறந்த பிறகு வலுப்பெற்றது. அதற்குப் பெரும் பங்கு, மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் நெருங்கிய துணைவரும் விட்டன்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மெலாங்தனுக்கு உரியது. அவருடைய மாணவர் மான்லியுஸ் 1560களின் தொடக்கத்தில் வெளியிட்ட தொகுப்பில், தம் சொந்த ஊருக்கு அருகில் உள்ள சிற்றூரைச் சேர்ந்த யோஹான்னஸ் ஃபவுஸ்டஸைத் தமக்குத் தெரியும் என்று மெலாங்தன் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மெலாங்தன் பிறந்தது பிரெட்டன். அச்சிற்றூர் இன்றைய க்னிட்லிங்கன். இதன் அடிப்படையில்தான் க்னிட்லிங்கனில் ஃபவுஸ்ட் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

மறுபுறம், கிலியன் லைப் 1528இல் அவரை ஹெல்ம்ஸ்டாட் ஊர்க்காரராகக் குறிப்பிடுகிறார். ஹைடெல்பெர்க் அருகே அப்படியோர் ஊர் உண்டு. ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஜார்ஜியஸ் ஹெல்ம்ஸ்டெட்டர் என்ற மாணவர் 1483இல் சேர்ந்து 1487இல் மாஜிஸ்டர் பட்டம் பெற்றதும் காணப்படுகிறது. ஃபிராங்க் பேரன் என்ற ஆய்வாளர் இவரே நம் ஃபவுஸ்ட் என்று வாதிட்டார். பெயரும் ஊரும் ‘ஹைடெல்பெர்க்காரர்’ என்ற அடைமொழியும் ஒருங்கே பொருந்துவதால் என் சாய்வும் அப்பக்கமே. உள்ளூர்ப் பற்று காரணமாக க்னிட்லிங்கன் வாசிகள் இதை ஏற்கப் போவதில்லை. அதே ஹைடெல்பெர்க்கில் 1509இல் பட்டம் பெற்ற, ஸிம்மெர்ன் ஊரைச் சேர்ந்த யோஹான் ஃபவுஸ்ட் என்ற வேறொரு மாணவரும் இருந்ததால் குழப்பம் இன்னும் கூடியது.

கேள்வி: நூல் அச்சிடும் கலையில் குட்டன்பர்க்கின் கூட்டாளியாயிருந்த ஃபுஸ்ட் என்பவர்தான் இந்த ஃபவுஸ்ட் என்கிறார்களே?

பதில்: இல்லை. மைன்ஸ் நகரின் யோஹான் ஃபுஸ்ட் 1466இல் இறந்துவிட்டார். நம் மந்திரவாதி பெயரெடுத்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின். பெயர் ஒலிப்பால் நேர்ந்த பழைய தவறு இது.

கேள்வி: கடிதங்களில் சாத்தான் இல்லையென்றால், ஆன்மாவை விற்கும் ஒப்பந்தம் எப்போது, எங்கிருந்து வந்தது?

பதில்: சாத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே நுழைந்தான். 1537இல் லூதரின் உணவு மேசையில் ஃபவுஸ்டைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவர் சாத்தானைத் தம் மைத்துனன் என்று அழைத்ததாகச் சொல்லப்பட்டது. லூதருக்குச் சாத்தான் உருவகம் அல்லன். அன்றாடம் எதிர்கொள்ளும் எதிரி. ஆகவே கல்விமான்கள் எள்ளி நகையாடிய அதே மனிதர், விட்டன்பெர்க் வட்டத்துக்கு அச்சமூட்டும் எச்சரிக்கையாக மாறினார். 1548இல் பாசல் நகரப் போதகர் யோஹான்னஸ் காஸ்ட் வெளியிட்ட நூலில், ஃபவுஸ்டோடு தாம் ஒருமுறை விருந்துண்டதாகவும், அவரோடு வந்த நாயும் குதிரையும் சாத்தான்கள் என்று தாம் கருதுவதாகவும், இறுதியில் சாத்தான் அவர் கழுத்தை நெரித்துக் கொன்றதாகவும், பாடையில் கிடந்த உடல் எத்தனை முறை மல்லாத்தினாலும் ஐந்து முறை குப்புறத் திரும்பியதாகவும் எழுதினார். மெலாங்தன் தம் பங்குக்கு, ஃபவுஸ்ட் வெனிஸ் நகரில் பறக்க முயன்று சாத்தானால் கீழே எறியப்பட்டார் என்றும், போலந்தின் கிராக்கோவ் நகரில் மந்திரம் பயின்றார் என்றும் சேர்த்தார்.

இந்த வெனிஸ் வீழ்ச்சி புதிய கதையும் அன்று. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் எட்டாம் அதிகாரத்தில் வரும் மந்திரவாதி சீமோன், பிற்காலக் கதைகளில் ரோமாபுரியில் பறந்து காட்ட முயன்று, பேதுருவின் வேண்டுதலால் கீழே விழுந்து மாண்டான். அந்தச் சீமோனோடு ஹெலெனா என்ற பெண் சுற்றினாள். ஃபவுஸ்ட் கதையிலும் டிராய் நகரத்து ஹெலன் வருகிறாள். சீமோனைப் பற்றிய பண்டைய கிளமெந்தின் கதைகளில் ஃபவுஸ்டினியானுஸ் என்ற பாத்திரமும் இருப்பது கவனிக்கத் தக்கது.

ஒப்பந்தத்துக்கோ வேறொரு மூலம் உண்டு. சிலிசியா நாட்டின் அதனா நகர ஆலயத்தில் நிர்வாகியாக இருந்த தியோஃபிலஸ், பதவி பறிபோன ஆத்திரத்தில் கிறிஸ்துவை மறுத்துச் சாத்தானுக்குக் கையெழுத்திட்டுப் பத்திரம் கொடுத்தார் என்ற கதை, கிரேக்கத்திலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு வந்து இடைக்கால ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஹ்ரோட்ஸ்விதா என்ற ஜெர்மானியக் கன்னித்துறவி அதைக் கவிதையாகவும் பாடினார். தியோஃபிலஸ் மனம் வருந்தி அழுதபோது கன்னி மரியாள் இரங்கி, அந்தப் பத்திரத்தையே சாத்தானிடமிருந்து மீட்டுத் தருகிறாள். ஃபவுஸ்டுக்கு அந்த வழி திறக்கவில்லை. புனிதர்களின் பரிந்துரையை ஏற்காத லூதரின் சபையில் உருவான கதை என்பதால், பத்திரம் அப்படியே இருந்தது. மீட்க வருபவள் மட்டும் இல்லாமற் போனாள். ஃபவுஸ்ட் கதைக்கு அதன் கடுமையான முடிவைத் தந்தது மதச் சீர்திருத்தமே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: கதை முதன்முதலாக நூலாக வந்தது எப்போது? யார் எழுதியது?

பதில்: 1587இல், ஃபிராங்க்ஃபர்ட் நகரின் யோஹான் ஸ்பீஸ் என்ற லூதரன் அச்சகத்தார் அதை வெளியிட்டார். ஆசிரியர் பெயர் இல்லை. ஸ்பேயர் நகர நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதியை அனுப்பியதாக மட்டும் முன்னுரையில் ஸ்பீஸ் சொல்கிறார். அதே ஆண்டிலேயே பிற அச்சகங்கள் அதை மறுபதிப்புச் செய்தன. டூபிங்கனில் அதைச் செய்யுளாக்கிய மாணவர்களும் அச்சிட்டவரும் தண்டிக்கப்பட்டது, நூல் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கும் பல்கலைக்கழகங்கள் அதை எவ்வளவு வெறுத்தன என்பதற்கும் அடையாளம்.

இந்நூலின் ஃபவுஸ்ட், வைமர் அருகே ரோடா ஊரில் உழவர் குடியில் பிறந்து, விட்டன்பெர்க்கில் இறையியல் பட்டம் பெற்று, தம் இரத்தத்தால் எழுதிய பத்திரத்தின்படி 24 ஆண்டுகளுக்கு ஆன்மாவை ஈடுவைத்து, மெஃபோஸ்டோஃபிலிஸ் என்ற ஆவியை ஏவலாளாகப் பெறுகிறார். மெஃபிஸ்டோஃபிலிஸ் என்று பின்னர் நிலைத்த பெயர் அச்சில் பிரபலமானது இதிலிருந்துதான். நாடோடிச் சோதிடரை விட்டன்பெர்க் பேராசிரியராக்கியதில் ஆசிரியரின் நோக்கம் தெரிகிறது: இறையியல் கற்றவனே ஆணவத்தால் வழிதவறினால் எவன் தப்புவான் என்று அச்சுறுத்த வேண்டும். ஆனால் அந்த நகரத்தின் பெயருக்குக் களங்கம் விளைவிப்பதாகச் சினந்து, ஆகுஸ்டின் லெர்க்ஹைமர் என்ற புனைபெயரில் எழுதிய ஹெர்மன் விட்டகிண்ட் 1597இல் தம் நூலில் கண்டித்தார்.

நூலின் பாதிக்கு மேல் பிற இடங்களிலிருந்து எடுத்துக் கோத்தது. ஃபவுஸ்ட் வானில் பறந்து காணும் நகரங்களின் வருணனைகள், 1493இல் வெளியான ஷேடலின் உலக வரலாற்று நூலிலிருந்து உருவப்பட்டவை. வைக்கோல் வண்டியை விழுங்குவது, ஒரு வீரனின் தலையில் கொம்பு முளைக்கச் செய்வது போன்றவை பிற மந்திரவாதிகளின் பெயரில் உலவிய வேடிக்கைக் கதைகள். இவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மன்னர் ஐந்தாம் சார்லஸின் கண்முன் மாவீரன் அலெக்ஸாந்தரை ஃபவுஸ்ட் தோன்றச் செய்யும் காட்சிக்கு முன்னோடியாக, பேரரசர் மாக்ஸிமிலியனுக்கு இறந்த அவர் மனைவியை எழுப்பிக் காட்டிய ஒரு மடாதிபதியைப் பற்றிய கதை பேசப்பட்டது. அந்த மடாதிபதி வேறு யாருமல்லர், 1507இல் ஃபவுஸ்டைத் தூற்றிக் கடிதம் எழுதிய அதே டிரித்தேமியஸ். தம் மீது விழுந்த சந்தேகத்தைத் துடைக்க அவர் யாரை இழிவுபடுத்தினாரோ, அவர் கணக்கிலேயே தம் மந்திரப் புகழும் சேர்ந்துவிட்டது.

கேள்வி: ஸ்டாவ்ஃபன் என்ற ஊரில் அவர் இறந்த விடுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அது நம்பத் தக்கதா?

பதில்: ஊர் நம்பத் தக்கது, சுவரில் எழுதியிருப்பது அவ்வளவு நம்பத் தக்கதன்று. 1560களில் எழுதப்பட்ட ஸிம்மெர்ன் குடும்ப வரலாற்று நூல், முதிய வயதில் ஃபவுஸ்ட் பிரைஸ்காவ் பகுதியின் ஸ்டாவ்ஃபனில் அல்லது அதன் அருகில் இறந்தார் என்றும், அவர் விட்டுச்சென்ற நூல்கள் ஸ்டாவ்ஃபன் பிரபுவுக்குச் சென்றன என்றும் கூறுகிறது. மறைவு 1540ஐ ஒட்டி நிகழ்ந்தது. ஆனால் லோவன் விடுதிச் சுவரில் உள்ள வாசகம், 24 ஆண்டு உடன்படிக்கை முடிந்ததும் மெஃபிஸ்டோஃபிலிஸ் அவர் கழுத்தை முறித்தான் என்கிறது. அந்தப் பெயரும் அந்த 24 ஆண்டுகளும் 1587 நூலிலிருந்து வந்தவை. நூல் சுவரைப் பார்த்து எழுதப்படவில்லை, சுவர்தான் நூலைப் பார்த்து எழுதப்பட்டது. பொன் செய்யும் இரசாயன முயற்சியில் ஏதோ வெடித்து இறந்தார் என்பதும் பிற்காலத்தவரின் ஊகமே.

கேள்வி: இந்தக் கதை கதேயின் கைக்கு எப்படிச் சென்றது? லைப்சிக் நகரின் மதுக்கூடத்தில் பீப்பாய் மேல் ஏறிச் சென்ற காட்சி நடந்தது தானா?

பதில்: கதை இங்கிலாந்து போய்த் திரும்பிவந்தது. ஜெர்மன் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இன்று எஞ்சியுள்ள பழைய பதிப்பு 1592ஆம் ஆண்டினது. அதை வைத்துக் கிறிஸ்டோபர் மார்லோ நாடகம் எழுதினார். 1593இல் அவர் மறைந்தபின் 1604இல் அது அச்சாயிற்று. ஆங்கில நாடோடிக் குழுவினர் அதைக் கிராட்ஸ் நகரில் 1608இலும் டிரெஸ்டனில் 1626இலும் நடித்துக் காட்டினர். படிப்படியாக அது கோமாளி சேர்ந்த மேடை நாடகமாகவும், பொம்மலாட்டமாகவும் சுருங்கியது. பொம்மலாட்டத்தின் அந்தக் கதை தம் மனத்தில் பலவிதமாக ஒலித்ததைக் கதே தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். அவர் நாடகத்தில் ஃபவுஸ்டை நம்பிக் கெட்டுத் தன் குழந்தையைக் கொல்லும் கிரெட்சன் என்ற பெண் 1587 நூலில் இல்லை. குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1772இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் தலை வெட்டப்பட்ட சுசன்னா மார்கரேட்டா பிராண்ட் என்ற பெண்ணின் வழக்கு இளம் வழக்கறிஞரான கதேயை ஆழமாகப் பாதித்தது.

நீங்கள் கேட்ட லைப்சிக்கின் அவுவர்பாக் மதுக்கூடத்துப் பீப்பாய்ச் சவாரி 1587 நூலின் முதல் பதிப்பில் கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த விரிவான பதிப்புகளில்தான் லைப்சிக் கதை சேர்ந்தது. அங்கே தொங்கும் இரண்டு ஓவியங்களில் ஒன்று ஃபவுஸ்ட் மாணவர்களோடு குடிப்பதையும் மற்றொன்று அவர் பீப்பாய் மீது ஏறி வெளியேறுவதையும் காட்டுகின்றன. இரண்டிலும் 1525 என்ற ஆண்டு எழுதியிருக்கிறது. ஆனால் அவை 1625ஐ ஒட்டி வரையப்பட்டவை. லைப்சிக்கில் மாணவராயிருந்த 1765 முதல் 1768 வரையிலான ஆண்டுகளில் கதே அவற்றைப் பார்த்துத் தம் நாடகத்தில் ஒரு காட்சியை அங்கேயே அமைத்தார். ஆகவே அந்த ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள், மூலையில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம்.